ஒரு வருஷம் விட்டு அப்புறம் படிக்கலாமா அக்கா?

சித்தி மகள் போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாள். நாலு நிமிஷம். பி.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டர், பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான். "அக்கா, எங்க கிளாஸ்ல எல்லாரும் எம்.எஸ்சி. அப்ளிகேஷன் பத்தியே பேசறாங்க. எனக்கு ஒரு வருஷம் விட்டு அப்புறம் படிக்கலாம்னு இருக்கு. நீங்க அப்படித்தான பண்ணீங்க? பண்ணலாமா, வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க." பின்னால் சித்தி மிக்ஸி ஓட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் பேசுகிறாள், அது நின்றதும் குரலைத் தணிக்கிறாள், மறுபடி ஓடினதும் பேசுகிறாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று முறை பதில் அடித்து அழித்தேன். பண்ணு என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. நான் அப்படி ஒரு வருஷம் நின்றவள்தான், அது எனக்கு நல்லதாகவே முடிந்தது. ஆனால் எதனால் நல்லதாக முடிந்தது என்பதைச் சொல்லாமல் "நானும் பண்ணினேன், நீயும் பண்ணு" என்று சொல்வது சரியாக இருக்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

நான் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தது 2019 ஜூன். 2020 மார்ச்சில் கல்லூரியை மூடினார்கள். அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வருஷம் ஏறக்குறைய முழுக்க செல்போனில்தான் போனது, நடுவில் சில வாரம் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள், 2021 செப்டம்பரில்தான் ஒழுங்காக உள்ளே போனோம். தியரியை எப்படியோ படித்துவிடலாம். பிராக்டிகல்தான் போச்சு. பெர்மாங்கனேட் டைட்ரேஷனை, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற சோதனையை, மேடம் வீட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பினார்கள். கடைசிச் சொட்டில் வெளிர் ரோஜா நிறம் வந்து நிற்பதை அஞ்சரை அங்குலத் திரையில் பார்த்தேன், சிக்னல் விட்டு விட்டு வந்ததால் அந்தச் சொட்டு விழுகிற கணத்தைப் பார்க்கவேயில்லை, முன்னால் வெள்ளை, பின்னால் ரோஸ், அவ்வளவுதான். பியூரெட் ரீடிங்கையும் அவர்களே கொடுத்தார்கள், நாங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். மூன்று வருஷத்தில் நான் பிப்பெட்டை, அதாவது கரைசலை அளந்து எடுக்கிற கண்ணாடிக் குழாயை, கையில் பிடித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாஸ் ஆனேன், 78 சதவீதம். அந்த 78ஐப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட ஒரு பதற்றம்தான் அதிகம் இருந்தது, ஏனென்றால் எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியுமா என்பது எனக்கே தெரியவில்லை.

ரிசல்ட் வந்த வாரமே எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டுப் பேசினார். எம்.எஸ்சி. அங்கேயே சேரலாம், ஆனால் அரசு உதவி பெறும் எய்டட் பிரிவில் இடம் முடிந்துவிட்டது, சுயநிதிப் பிரிவில் தருகிறேன் என்றார். "இப்ப விட்டா டச் விட்டுப் போயிடும்மா. ஒரு வருஷம் வெளிய போன பொண்ணுங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்லை." அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், அவர் சொன்னது பொய்யும் இல்லை. எங்கள் சீனியர் அக்காக்களில் "அடுத்த வருஷம் சேர்றேன் சார்" என்று போன மூன்று பேரை எனக்கே தெரியும். மூன்று பேருக்கும் கல்யாணமாகிவிட்டது. ஒருவர்கூடத் திரும்பிப் படிக்க வரவில்லை.

அப்போது வீட்டு நிலைமையும் சரியில்லை. அப்பாவுக்கு ஆறு விசைத்தறி, கூலிக்கு நெய்கிற தறிகள். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகளெல்லாம் வாரக்கணக்கில் நின்றன, எங்களுடையதும் நின்றது. அது முடிந்து ஓட ஆரம்பித்தால், மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. நூல் விலை ஏறினால் நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கிறவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். ஆறு தறியில் மூன்று ஓடின. சுயநிதிப் பிரிவுக்குக் கட்ட வேண்டிய பணத்தை அப்பா எங்கேயாவது புரட்டிவிடுவார், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார். அதுதான் எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பணம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் நான் நின்றிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பணத்துக்கு வேறு வழி இருந்தது, அரசுக் கல்லூரியில் முயற்சி செய்திருக்கலாம், அங்கே செலவு சில ஆயிரம்தான். எனக்கு இருந்த உண்மையான குறை கையில் இருந்தது. எம்.எஸ்சி.யில் போய் உட்கார்ந்தால் "இதெல்லாம் யூ.ஜி.யிலேயே பண்ணியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். பண்ணாதவள் எங்கே போய்ச் சொல்வது?

சித்தி மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதனால்தான் இது: அடுத்த படிப்பு சரி செய்ய முடியாத குறை ஏதாவது உன்னிடம் இருக்கிறதா? அசதி என்றால் இரண்டு மாத லீவு போதும். பாடம் பிடிக்கவில்லை என்றால் வேறு பாடம் பார்க்கலாம். ஒரு வருஷம் கொடுத்தால்தான் தீரும் என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் மேலே பேசலாம்.

இப்போது சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியம். பெண் பிள்ளைகள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ரிசல்ட் வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, அத்தை வந்தார்கள். காபி குடித்தார்கள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம், "புள்ள சும்மாதான ஊட்டுல இருக்கறா, ஜாதகத்தக் குடுங்க, நம்ம காங்கயம் பக்கம் ஒரு எடம் இருக்குது" என்றார்கள். அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பாசம். எனக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த "சும்மா" என்கிற வார்த்தை எனக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் எங்கள் பெரியப்பா மகன் பி.இ. முடித்துவிட்டு அப்போது இரண்டாவது வருஷமாக வீட்டில்தான் இருந்தான். காலை பத்து மணிக்கு எழுந்திருப்பான். அவனைப் பற்றி யாரும் சும்மா இருக்கிறான் என்று சொன்னதில்லை. "பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறான்." அவ்வளவுதான், கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவன் படிக்கத்தான் செய்தான், அதில் குறையில்லை. ஆனால் அவனுடைய வருஷத்துக்கு ஊரே ஒரு பேர் வைத்துக் கொடுத்தது. என்னுடைய வருஷத்துக்கும் ஊர் ஒரு பேர் வைத்தது, சும்மா இருக்கிற வருஷம் என்று. சும்மா இருக்கிற பெண்ணுக்கு அடுத்து என்ன என்று நம் ஊரில் யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, அது தானாக நடக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு பெண் ஒரு வருஷம் நிற்பதாக இருந்தால் அந்த வருஷத்துக்கு அவளே முதலில் ஒரு பேர் வைத்துவிட வேண்டும். வேலை, பயிற்சி, தேர்வு, எதுவாகவும் இருக்கட்டும். காலையில் கிளம்பி வெளியே போகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நம் உரிமையை ஊருக்கு ஏன் நிரூபிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான், நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் கோபம் ஜாதகத்தைத் திருப்பி வாங்கித் தராது.

வெளிநாட்டில் இது வேறு மாதிரி. பிரிட்டனில் யூகாஸ் என்கிற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போதே, எனக்கு இடம் கொடுங்கள், ஆனால் அடுத்த வருஷம் வந்து சேர்கிறேன் என்று கேட்கலாம், பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டால் இடம் காத்திருக்கும். நடுவில் எங்கே போனாலும் திரும்பி வருவதற்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் அப்படி இல்லை. இந்த வருஷம் கிடைத்த இடத்தை விட்டால் விட்டதுதான், அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு. யூடியூபில் கேப் இயர், அதாவது இப்படி ஒரு வருஷம் நிற்பது பற்றி வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம் என்று சித்தி மகளிடம் சொன்னது இதற்காகத்தான். அங்கே இடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இங்கே இடத்தை விட்டுவிட்டு நிற்கிறோம்.

நம் ஊரில் அதிகம் பேர் எடுக்கிற ஒரு வருஷம் நீட்டுக்காக எடுப்பது. 2017 முதல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை நீட் வழியாகத்தான். நீட்டின் விளைவை ஆராய தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021ல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 2016-17ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 12.47 சதவீதம், 2020-21ல் 71.42 சதவீதம். அதாவது டாக்டர் ஆக வேண்டுமென்றால் ஒரு வருஷமாவது நிற்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. என்னோடு ப்ளஸ் டூ படித்த ஒருத்தி அப்படி இரண்டு வருஷம் நின்றாள். முதல் வருஷம் கோச்சிங் ஹாஸ்டல், இரண்டாவது வருஷம் வீட்டில் மாடி ரூம். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, இப்போது நர்சிங் முடித்து நல்ல வேலையில் இருக்கிறாள். ஆனால் அந்த இரண்டாவது வருஷத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அதை நான் இடைவெளி என்று சொல்ல மாட்டேன், அது கழுத்தில் கயிறு கட்டிய வருஷம். நாள் முழுக்க ஒரே பரீட்சை, 180 கேள்வி, 720 மார்க், வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லித் தருவதும் இல்லை. பொறியியலுக்கான ஜே.இ.இ.யில் அந்த வரம்பையாவது அவர்களே போட்டுவிடுகிறார்கள், மெயின் தொடர்ந்து மூன்று ஆண்டு, அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டே ஆண்டு.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வகுப்புத் தோழி சொன்னாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி போதும், மாதம் 11,000, கம்பெனி வேன் பல்லடம் வரைக்கும் வரும். போய்ப் பார்த்தேன், வரச் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் கேள் என்றார்.

தறிக்குடோனில் பேச வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது, அப்பாவுக்கு நாற்பது வயசிலேயே காது கொஞ்சம் மந்தம். அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போனது. ஒரு நிமிஷம் காதுக்குள் தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், அது அடங்கினதும் சொன்னேன். அப்பா அறுந்த இழையை முடிந்துகொண்டே கேட்டார். அப்புறம், "நானும் ஒரு வருசம்னுதான் நின்னேன் அம்மிணி" என்றார்.

எனக்கு அது தெரியாது. பத்தாவது முடித்து பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, போட்டோவும் ஒட்டிவிட்டாராம். அந்த வருஷம் தாத்தாவுக்குக் கால் முறிந்தது. அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம் என்று தாத்தாவே சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் தாத்தாவும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆருமே தடுக்கலை கண்ணு. மறந்து போச்சு, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "எப்பத் திரும்பப் போவேன்னு தேதி சொல்லு" என்றார். அடுத்த மே மாசம் அப்ளிகேஷன் போடுவேனுங்கப்பா என்றேன். ஆணியில் தொங்குகிற பாவு நோட்டை எடுத்தார். எந்தத் தேதிக்கு எத்தனை பாவு வந்தது, எத்தனை மீட்டர் போனது என்று எழுதுகிற நோட்டு, அதைத் தவிர வேறு எதையும் அவர் அதில் எழுதி நான் பார்த்ததில்லை. பின்பக்க அட்டையின் உள்ளே, "2023 மே, பாப்பா அப்ளிகேசன்" என்று எழுதி, மற்ற கணக்குக்குப் போடுகிற மாதிரியே கீழே ஒரு கோடு போட்டார். கரண்ட் வந்துவிட்டது.

2022 ஜூலை கடைசியில் வேலையில் சேர்ந்தேன். காலை எட்டரைக்கு உள்ளே, ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட்தான். லேப் டிப் என்பார்கள். வெளிநாட்டு பையர், அதாவது துணி வாங்குகிறவர், ஒரு கலரைக் கொடுப்பார், அதே ஷேடை சின்னத் துணியில் போட்டு ஏ, பி, சி என்று மூன்று அனுப்ப வேண்டும், அவர் ஒன்றை ஒத்துக்கொண்டால்தான் பட்டறையில் லாட் ஏறும். 5 கிராம் துணி. 2 சதவீத ஷேடு என்றால் துணி எடையில் 2 சதவீதம், 0.1 கிராம் சாயம், அதை நிறுக்க மாட்டோம், ஒரு சதவீதக் கரைசலாக வைத்திருப்போம், 10 மில்லி பிப்பெட்டில் எடுக்க வேண்டும். துணிக்குப் பத்து மடங்கு தண்ணீர், ஆக மொத்தம் 50 மில்லி. அப்புறம் உப்பு, 60 டிகிரி, சோடா ஆஷ். முதல் வாரம் நான் போட்ட எதுவும் பையர் கலரோடு சேரவில்லை. ஒன்பதாவது நாள் டை மாஸ்டர் அண்ணன் என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நுனில நிக்கற சொட்டை ஊதித் தள்றீங்க பாருங்க, அதான்" என்றார். பிப்பெட்டின் நுனியில் நிற்கிற அந்தக் கடைசிச் சொட்டை ஊதக் கூடாது, பாத்திரத்தின் பக்கவாட்டில் தொட்டுவிட்டு எடுத்துவிட வேண்டும், அது உள்ளேயே நின்றுவிடும் என்று கணக்கு வைத்துத்தான் அந்த 10 மில்லி கோடு போட்டிருக்கிறார்கள். முதல் வருஷப் பாடம் அது. டிகிரி வாங்கிய பிறகு ஒரு சாயப்பட்டறையில் கற்றுக்கொண்டேன்.

லைட் பாக்ஸுக்குள் துணியை வைத்துப் பார்ப்போம். டி65 விளக்கில், அதாவது பகல் வெளிச்சத்துக்குச் சமமான விளக்கில், என் பச்சையும் பையரின் பச்சையும் ஒன்றுபோல இருக்கும். கடை விளக்கான டி.எல்.84க்கு மாற்றினால் என்னுடையது மட்டும் லேசாகப் பழுப்படிக்கும். வேறு சாயக் கலவையில் அதே நிறத்தை எட்டினால் இப்படி ஆகும். முதல் தடவை பார்த்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஐந்தாறு தடவை ஸ்விட்சை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ரியாக்டிவ் சாயம் பஞ்சு நூலோடு வேதிப் பிணைப்பு போடும், அதே நேரத்தில் தண்ணீரோடும் வினைபுரியும். தண்ணீரோடு போன சாயம் துணியில் ஒட்டாது, சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவினால் தண்ணீரோடு போகும், உப்பும் அதோடு போகும். ஒரே வினைப்பொருளுக்கு இரண்டு பேர் போட்டி போடுவது என்று நான் அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணியது இதைத்தான். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நொய்யல் கரைக்காரர்களைக் கேட்டால் தெரியும். 1992ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகக் கிடந்ததும், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலை வரும்வரை மூடுங்கள் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயசு ஞாபகம். அந்தக் கழிவு நீர் இப்போது ஆர்.ஓ. வடிகட்டிக்குப் போய், மிச்சம் ஆவியாக்கிக்குப் போய், கடைசியில் உப்பாக மூட்டையில் நிற்பதை நான் தினமும் நடந்து போகிற வழியில் பார்த்தேன். வெள்ளையாக இருக்காது, ஒரு மாதிரி மங்கிய பழுப்பு. அதைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு மேலே படித்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. டிகிரிக்காக இல்லை, அந்த மூட்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி உட்கார்ந்து, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதுகிற ஜாம் தேர்வுக்குப் படிப்பேன் என்று திட்டம் போட்டிருந்தேன். ஒன்பதரைக்கு வீடு வந்து சாப்பிட்டால் கண் சொருகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு குவாண்டம் கெமிஸ்ட்ரி படிக்க எனக்கு முடியவில்லை. 2023 பிப்ரவரியில் போய் எழுதினேன், தரவரிசை வரவில்லை. வேலையும் பார்த்து நுழைவுத் தேர்வுக்கும் தயாராகிறேன் என்று சொல்கிறவர்கள் தயவுசெய்து ஷிப்ட் நேரத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். துறைத் தலைவர் சொன்ன டச்சும் நிஜமாகவே விட்டுப்போனது, எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் இன்டெக்ரேஷன் வந்தாலே கை நின்றுவிடும், இரண்டு மாதம் ஆனது பழைய நிலைக்கு வர. தோழிகள் ஒரு வருஷம் முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் ஃபேர்வெல் போட்டோ போட்ட அன்றைக்கு நான் முதல் வருஷத்தில் இருந்தேன், அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

அத்தை நடுவில் இரண்டு தடவை வந்தார்கள். "வேலைக்குப் போறா, அடுத்த மே மாசம் படிக்கப் போறா" என்று அம்மா சொன்னார். அதே அம்மாதான், சில மாதம் முன்னால் ஜாதகத்தை எடுக்க பீரோவரைக்கும் போனவர். சொல்வதற்கு ஒரு வரி கிடைத்ததும் அம்மாவுக்கும் தைரியம் வந்தது. வீட்டில் இருக்கிற பெண்களுக்கு நம்மைத் தடுக்க வேண்டும் என்று ஆசை இல்லை, கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இல்லாமல்தான் முழிக்கிறார்கள். அந்தப் பதிலை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

2023 மே மாதம் இரண்டாம் தேதி. வேனில் வந்துகொண்டிருந்தேன். அப்பா பொதுவாகப் போன் செய்ய மாட்டார். "பாவு நோட்டுல எழுதி வெச்சது வந்துருச்சு. போட்டுட்டியா?" என்றார். பின்னால் தறிச் சத்தம் இல்லை, எனக்காக வெளியே வந்து நின்று பேசியிருக்கிறார். அன்றைக்கு நான் போட்டிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மாதம் சம்பளம் 12,500 ஆகியிருந்தது, ஆறு மாதம் போகட்டுமே என்று ஒரு எண்ணம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் தடுக்காமலே மறந்து போவது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வாரமே போட்டேன்.

கோவையில் ஒரு கல்லூரியில் எய்டட் பிரிவிலேயே இடம் கிடைத்தது. இதில் நடைமுறை விஷயம் ஒன்றிரண்டு. யூ.ஜி. முடித்ததும் டி.சி., புரொவிஷனல், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் கையோடு வாங்கி வைத்துவிடுங்கள், ஒரு வருஷம் கழித்துப் போனால் அலைய விடுவார்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும், நான் பாரதியார் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்ததால் தேவைப்படவில்லை. இடைவெளிக்கு என்ன காரணம் என்று அப்போது 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள், அரை நாள் வேலை. வேலை பார்த்த இடத்தில் கொடுத்த அனுபவச் சான்றிதழையும் கூட வைத்தேன். எம்.டெக்., ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுதுகிற கேட் தேர்வு மார்க் மூன்று வருஷம் செல்லும், அதனால் படிக்கும்போதே எழுதிவிட்டு நிற்பது புத்திசாலித்தனம். ஜாம் மார்க் அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான். ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸில் ஆள் எடுக்கும்போது படிப்பில் இத்தனை வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுவதுண்டு, அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை நேர்முகத்தில் இந்த ஒரு வருஷம் என்ன பண்ணினீர்கள் என்று கேட்டார்கள். பயந்துகொண்டே போன கேள்வி அது. லேப் டிப், தண்ணீரோடு வீணாகிற சாயம், அந்தப் பழுப்பு உப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன், வெளியே அடுத்த பிள்ளை காத்திருக்கிறது என்று அவர்களே நிறுத்தும்வரை பேசினேன்.

இரண்டாம் வருஷம் புராஜெக்ட். எங்கள் வகுப்பில் நாலு பேர் சாயம் நீக்குவதை எடுத்தார்கள். தேங்காய்த் தொட்டிக் கரி, ஆரஞ்சுத் தோல் கரி, இப்படி. எல்லோரும் எடுத்த சாயம் மெத்திலீன் புளூ, வாலை வடிநீரில் கரைத்தது. அது நேர்மின் சாயம், கரியில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும், நல்ல சதவீதம் வரும், கிராஃப் அழகாக இருக்கும். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பட்டறையிலிருந்து வருகிறது எதிர்மின் சாயம், அதுவும் லிட்டருக்குச் சில கிராம் உப்போடு வருகிறது. கைடிடம் போய், உப்புப் போட்ட தண்ணீரில், ரியாக்டிவ் சாயத்தில் செய்யலாமா மேடம் என்று கேட்டேன். "ரிசல்ட் சுமாராத்தான் வரும்" என்றார். சுமாராகத்தான் வந்தது. ஆனால் வைவாவில் என்னிடம்தான் அதிக நேரம் கேள்வி கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதுகிற ஜூனியர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

2022லேயே சேர்ந்திருந்தாலும் எம்.எஸ்சி. முடித்திருப்பேன், ஒருவேளை மார்க் இன்னும் கூட வந்திருக்கும். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு வந்திருக்காது.

நேற்று சித்தி மகளைக் கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவளுக்கு அசதியும் இருக்கிறது, எம்.எஸ்சி. கணிதமா, பி.எட்.டா, டேட்டா வேலையா என்கிற குழப்பமும் இருக்கிறது. மூன்றில் எது என்று தெரியாமல் எம்.எஸ்சி.யில் போய் இரண்டு வருஷம் உட்கார வேண்டாம் என்பதில் நான் அவள் பக்கம். ஆனால் "வீட்ல இருந்து யோசிக்கறேன்க்கா" என்றபோது அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே போகப் போகிறாள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வருவாள், எந்த மாதம் விண்ணப்பம் போடுவாள், இதை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறார், அங்கே ஒரு வருஷம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தால் பி.எட். வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும் என்று அவளே சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி வீட்டுக்குப் போகிறேன். சித்தப்பாவிடம் முதலில் அவள்தான் பேச வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எதற்குங்கப்பா நீங்கள் என்று கேட்டதற்கு, தேதி எழுத யாராவது வேணுமல்ல என்றார்.